பட்டன் இருக்கிறது, டயர் இல்லை

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் குடியிருப்பவர். டயர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்த விஷயம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததும், ஏ பிளாக் நண்பர் ஒருவர் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "டயரைப் பத்தி அரை மணி நேரம் பேச என்ன சார் இருக்கு? கறுப்பா இருக்கும், உருண்டையா இருக்கும், தேஞ்சா மாத்துவோம்" என்றார். அவரும் இப்போது முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதில் முதல் இரண்டு சரி. மூன்றாவது பாதிதான் சரி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வருஷத்தில் ஆறு மாதம் நீங்கள் அங்கே, ஆறு மாதம் இங்கே. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலர் ஒரு புதுப் பழக்கம் பழகியிருக்கிறார்கள்: கேம்பிங் டிரெய்லர். சக்கரம் வைத்த வீடு. உள்ளே கட்டில், சமையலறை, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். இன்ஜின் மட்டும் இருக்காது. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். என் மாப்பிள்ளையும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம். செகண்ட் ஹேண்ட். 30 அடி நீளம்; நம் விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு காரை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அச்சு, நான்கு சக்கரம்.

இரண்டு வருஷம் முன்பு டிசம்பர் லீவில் அதை இழுத்துக்கொண்டு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, முன்னால் நான். பின் சீட்டில் மகள், என் மனைவி, பேரப்பிள்ளைகள் இருவர். இன்டர்ஸ்டேட் 10-இல் ஓசோனா தாண்டினால் ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை நூறு மைலுக்கு மேல் பொட்டல் காடு. சட்டப்படியான வேகமே அங்கே மணிக்கு 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். டிரெய்லரோடு நாங்கள் 75-இல் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் யாரோ தகரத்தைச் சாட்டையால் அடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். மாப்பிள்ளை பதறாமல் பிரேக்கை அழுத்தாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். அது அவருடைய நிதானம். அதனால்தான் நான் இங்கே நின்று பேசுகிறேன்.

இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பின் டயரின் மேல்பட்டை முழுசாக உரிந்து போயிருக்கிறது. உரிந்த பட்டை சுற்றிச் சுற்றி அடித்ததில் சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு கிழிந்து, சமையலறைத் தண்ணீர் போகிற குழாய் உடைந்து, ஒயர் அறுந்து தொங்குகிறது. உரிந்து கிடந்த பட்டையை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். "மாமா, பட்டன் புதுசு மாதிரி இருக்கு பாருங்க. எப்படி வெடிச்சுது?"

பட்டன் புதுசு மாதிரிதான் இருந்தது. நான் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தேடி, அந்த வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருஷம். 3219 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்த டயர். 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த முறை. எங்கள் டயருக்கு வயது ஏழைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதியை ஓடாமல், வெட்டவெளி ஸ்டோரேஜ் யார்டில் வெயிலில் நின்றே கழித்திருக்கிறது.

நின்றே கழித்தது என்பதுதான் விஷயம். ரப்பர் ஓடினால் தேயும், ஓடாவிட்டால் கெடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கும், வெடிக்க வைக்கும். இதைத் தடுக்க நாங்கள் கலவையிலேயே ஒரு வகை மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் சேர்ப்போம். டயர் உருண்டு, நெளிந்து கொடுக்கும்போதுதான் அது உள்ளேயிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு மெல்லிய படலமாகப் பாதுகாக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் அந்தக் கசிவு போதாது. வெளியே மயிரிழை வெடிப்பு விழும். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடம் உள்ளே இருக்கிறது: பட்டனுக்குக் கீழே இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், நடுவில் ரப்பர். அந்த ரப்பர் கெட்டால் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஒரு நாள் சூடேறும்போது முழுசாக உரிந்துவிடும். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

சரி, ஸ்டெப்னியை மாட்டி, 50 மைல் வேகத்தில் ஃபோர்ட் ஸ்டாக்டன் போய்ச் சேர்ந்தோம். ஊர் ஓரத்து ஆர்.வி. பார்க் ஒன்றில் டிரெய்லரை நிறுத்தினோம். இரவு சாப்பாட்டில் வாக்குவாதம் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு லீவு ஐந்து நாள்தான். "ஒண்ணுதான மாமா வெடிச்சிருக்கு. ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுக் காலையில கிளம்பிடலாம்" என்றார். மாமனார் மாப்பிள்ளையிடம் எவ்வளவு பேசலாம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது ஒன்றுதான்: "மாப்பிள்ளை, காலையில வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி மிச்ச டயர்ல காத்து அளந்து பார்த்துடுவோம். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

காலையில் அளந்தோம். வெடித்த டயருக்கு முன்னால், அதே இடது பக்கத்தில் இருந்தது 52 பி.எஸ்.ஐ. காட்டியது. இருக்க வேண்டியது 65.

இந்த 13 பி.எஸ்.ஐ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அதற்கு டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். எங்கள் டயரில் எஸ்.டி. 225/75 ஆர் 15 என்று இருந்தது. எஸ்.டி. என்றால் ஸ்பெஷல் டிரெய்லர். 225 மில்லிமீட்டர் அகலம். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 அங்குல ரிம். பக்கத்திலேயே லோட் ரேஞ்ச் டி. இந்த எழுத்துதான் முக்கியம். இதே அளவு டயரை சி, டி, இ என்று மூன்று பலத்தில் செய்கிறார்கள். சி-க்கு 50 பி.எஸ்.ஐ., தாங்குவது 2,150 பவுண்டு. டி-க்கு 65 பி.எஸ்.ஐ., 2,540 பவுண்டு. இ-க்கு 80 பி.எஸ்.ஐ., 2,830 பவுண்டு. ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் இதை 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்பார்கள். உள்ளே உண்மையில் பத்து அடுக்கு இருக்காது; பருத்தி நூல் போட்டு டயர் செய்த காலத்துக் கணக்கு, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சுமையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. காற்று குறைந்தால் தாங்கும் சக்தியும் குறையும். 52 பி.எஸ்.ஐ.-யில் டி டயர், ஏறக்குறைய சி டயர் தாங்கும் அளவுதான் தாங்கும். 2,200 பவுண்டுக்குள்.

அப்படியானால் அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு சுமை இருந்தது? இதை ஊகிக்கக் கூடாது, எடை போட வேண்டும். அமெரிக்காவில் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் லாரிகளுக்கான எடை மேடை இருக்கும். அச்சு வாரியாகச் சீட்டு தருவார்கள். தண்ணீர்த் தொட்டி, சாமான், அரிசி மூட்டை வரை எல்லாம் ஏற்றிய நிலையில் போட்டோம். (ஆமாம், அரிசி மூட்டை. மகள் சிரிக்கிறாள், ஆனால் அது 20 பவுண்டு.) டிரெய்லரின் இரண்டு அச்சிலும் சேர்த்து 8,400 பவுண்டு. இது போக, டிரக்கின் பின்பக்கக் கொக்கி மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்துகிற எடை ஆயிரத்துச் சொச்சம். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும்.

8,400-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 2,100. "பாருங்க மாமா, 2,540 தாங்குற டயர், 2,100தான் சுமை" என்றார் மாப்பிள்ளை, சந்தோஷமாக. கணக்கு சரி. ஆனால் வீடு சமமாக இல்லையே? சமையல் மேடை, ஃபிரிட்ஜ், வெளியே இழுத்து விரிக்கிற அறை எல்லாம் இடது பக்கம். ஊருக்கு வெளியே ஜல்லி விற்கிற யார்டு ஒன்றில் எடை மேடை இருந்தது. அங்கே கேட்டுக்கொண்டு, ஒரு பக்கச் சக்கரம் இரண்டையும் மட்டும் மேடைமேல் ஏற்றி, மறுபக்கத்தை வெளியே விட்டுப் போட்டோம். இடது பக்கம் 4,700. வலது பக்கம் 3,700. ஆக, இடது பக்கச் சக்கரம் ஒவ்வொன்றிலும் 2,350. அதாவது நாங்கள் பார்த்த 52 பி.எஸ்.ஐ. டயர், தன்னால் முடிந்ததற்கு மேல் 150 பவுண்டுக்குக் குறையாமல் சுமந்துகொண்டு, 75 மைல் வேகத்தில், ஏழு வயதில் ஓடியிருக்கிறது. பக்கத்தில் இருந்தது வெடித்த பிறகு கொஞ்ச தூரம் இரண்டு பேர் சுமையையும் அது ஒன்றே சுமந்தும் இருக்கிறது.

மாப்பிள்ளை சீட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "நாலும் மாத்திடலாம் மாமா" என்றார். "அஞ்சு" என்றேன். ஸ்டெப்னிக்கும் அதே வயது.

மாற்றுவது என்று முடிவானதும் எதை வாங்குவது என்பது அடுத்த கேள்வி. இதில் எங்கள் இருவருக்கும் முழு ஒற்றுமை இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர் டிரெய்லருக்கு எஸ்.டி. டயரே கூடாது, லாரிக்கு, பிக்கப்புக்குப் போடுகிற எல்.டி. டயர்தான் பலம் என்று போனில் அடித்துச் சொன்னார்கள். எல்.டி. நல்ல டயர், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 16 அங்குல ரிம்மில் 235/85 அளவில், அதே இ ரேஞ்சில், அதே 80 பி.எஸ்.ஐ.-யில் எல்.டி. தாங்குவது 3,042 பவுண்டு, எஸ்.டி. தாங்குவது 3,640. ஒரே அளவு, ஒரே காற்று, எப்படி இவ்வளவு வித்தியாசம்? எஸ்.டி. டயரை, மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தச் சுமைக்குக் கணக்கிட்டார்கள். வேகத்தை விட்டுக்கொடுத்துச் சுமையை வாங்கினார்கள் என்று சொல்லலாம். ஆகவே எல்.டி. மாற்றுகிறவர்கள் ரிம் அளவையே பெரிதாக்கினால் ஒழிய, பல டிரெய்லர்களில் சுமை போதாமல் போய்விடும். சாதாரண கார் டயரோ இன்னும் மோசம். டிரெய்லரில் போட்டால் அதன் சுமை அளவை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.டி.-யின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நம் கேட்டுக்குள் தண்ணீர் லாரி திரும்பும்போது பின்னால் இரட்டை அச்சுச் சக்கரங்கள் பேவர் பிளாக்கில் கறுப்புக் கோடு போடுகின்றன அல்லவா? செயலாளர் அதற்காக லாரிக்காரரோடு சண்டை போட்டதும் நமக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அச்சு இருந்தால் திரும்பும்போது டயர் உருளாது, பக்கவாட்டில் இழுபடும். டிரெய்லரிலும் அப்படியே. கேம்ப் இடத்தில் ரிவர்ஸ் எடுத்து நுழைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், டயர் ரிம்மைவிட்டே கழன்றுவிடும் போல முறுக்கும். பிரிந்து போகத் தயாராக இருக்கும் கம்பிப் பட்டைக்கு இதைவிடச் சோதனை வேண்டாம்.

ஆகவே எஸ்.டி.-தான் என்று முடிவு செய்தோம். ஆனால் டி இல்லை, இ. 2,350 பவுண்டு சுமைக்கு 2,540 என்றால் எட்டு சதவீதம்கூட மிச்சம் இல்லை. 2,830 என்றால் பதினேழு சதவீதம் மிச்சம். எதிர்க்காற்று, சாலைப் பள்ளம், அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் அந்த மிச்சம் வேண்டும். பதினைந்துக்குக் குறையாமல் மிச்சம் இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஆனால் இ ரேஞ்ச் வாங்கிவிட்டு 65 பி.எஸ்.ஐ. பிடித்தால் கொடுத்த காசு வீண். 80 பிடிக்க வேண்டும். அதற்கு ரிம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்தில் அது தாங்கும் சுமை பொறித்திருக்கும். அடுத்து, காற்று அடிக்கிற வால்வு. சாதாரண ரப்பர் வால்வு பெரும்பாலும் 65 பி.எஸ்.ஐ. வரைதான். 80-க்கு உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் தானாகப் போட மாட்டார். நூறு ரூபாய்ச் சாமானுக்காக இருபதாயிரம் ரூபாய் டயர் போன கதைகள் எங்கள் தொழிலில் நிறைய.

வேகத்துக்கு ஒரு எழுத்து உண்டு. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், எம் 130, என் 140. சுமைக்கு ஒரு எண். 117 என்றால் 1,285 கிலோ. டயரில் 117 என் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்த விவரம். எதுவும் போடவில்லை என்றால் 65 மைல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எஸ்.டி.-யிலேயே என் எழுத்து வருகிறது. நாங்கள் அதைத்தான் வாங்கினோம். அப்படி வாங்கியதால் 140-இல் போகலாம் என்று அர்த்தம் இல்லை; அது சூட்டைத் தாங்கும் என்பதற்கான சான்று, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் சட்டமே 55 மைல்தான். அந்த ஊரில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

சீன டயர் கூடாது என்றும் அங்கே பரவலாகச் சொல்கிறார்கள், அதற்கு 'சைனா பாம்' என்றே பட்டப்பெயர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மட்டமான டயர் எந்த நாட்டிலும் செய்யலாம், நல்லதும் செய்யலாம். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1967-இல் அமெரிக்காவுக்கே டயர் அனுப்பியது. காற்றில்லாமல், அதிகச் சுமையோடு, வயதான டயரில் வேகமாகப் போய்விட்டு ஊரைக் குறை சொல்வது எளிது. ஆனாலும் டிரெய்லர் கம்பெனிகள் புது வண்டியில் மலிவான டயரைத்தான் போட்டு அனுப்புகிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது.

கடையில் நடந்ததையும் சொல்கிறேன். ஐந்து டயர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை பில் போடப் போய்விட்டார். நான் குனிந்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தேன். நான்கு டயர் நாலைந்து மாதத்துக்குள் செய்தவை. ஐந்தாவது இரண்டு வருஷம் பழசு. "இதுவும் புது டயர்தான், ஓடவே இல்லை" என்றார் கவுன்டரில் இருந்தவர். ஓடாததுதான் பிரச்சினை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வேறு கொடுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கிடங்கிலிருந்து எடுத்து வந்தார். ஆறு மாதத்துக்குள் செய்த டயர் கேளுங்கள். ஒரு வருஷம் தாண்டியதைத் தொடாதீர்கள். டிரெய்லர் டயருக்கு மொத்த ஆயுளே ஐந்தாறு வருஷம் என்று வைத்தால், கடை அலமாரியில் இரண்டு போவதை நாம் ஏன் வாங்க வேண்டும்?

மாட்டிய பிறகு பேலன்ஸிங் செய்யச் சொன்னோம். டிரெய்லருக்கு எதற்கு என்றார்கள். உள்ளே ஃபிரிட்ஜ் இருக்கிறது, செய்யுங்கள் என்றோம். சக்கர நட்டை முதல் 10, 25, 50 மைலில் மறுபடி டார்க் ரெஞ்சு வைத்துச் சரிபார்த்தோம். புதிதாக மாட்டிய சக்கரத்தில் நட்டு தளர்வது சகஜம்.

மாப்பிள்ளை கடைசியாக ஒன்று கேட்டார்: "என் டிரக்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல லைட் எரியுது. டிரெய்லர் டயர் குறைஞ்சது ஏன் காட்டலை?" நல்ல கேள்வி. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பட்டை உரிந்து, வண்டி கவிழ்ந்து, ஏராளமானோர் இறந்தார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அந்த வருஷத்தை மறக்க மாட்டோம். அந்த ஆண்டே அமெரிக்காவில் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் விளைவாகத்தான் 2007 முதல் அங்கே புதுக் கார், பிக்கப் எல்லாவற்றிலும் காற்று கண்காணிக்கிற கருவி கட்டாயமானது. டிரெய்லர் அந்தக் கட்டாயத்தில் வரவில்லை. ஆனால் தனியாக வாங்கலாம். வால்வில் திருகி வைக்கிற சின்ன மூடி மாதிரி. காற்றும் சூடும் டிரைவருக்குத் தெரியும். அன்றைக்கே வாங்கி மாட்டினோம். உலோக வால்வு போட்டிருந்தால்தான் அதன் எடையைத் தாங்கும், அதையும் கவனியுங்கள்.

இரண்டு நாள் போனது. பிக் பெண்டில் மூன்று நாளுக்குப் பதில் ஒரே நாள். ரியோ கிராண்டே ஓரத்தில் பேரன் கல் பொறுக்கினான், மகிழ்ச்சி.

இதெல்லாம் அமெரிக்கா கதை, எங்களுக்கென்ன என்று கேட்பீர்கள். கீழே ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு வாருங்கள். கவர் போட்டு, கவர் மேல் தூசி படிந்து, எத்தனை கார் நிற்கிறது? ஆறு மாதம் பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள் கார், மாதம் ஒரு முறை கோவிலுக்கு மட்டும் எடுக்கிற கார். எட்டு வருஷத்தில் 20,000 கிலோமீட்டர், பட்டன் அப்படியே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்கிறோம். வீட்டுக்கும் கோவிலுக்கும் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வரை ஒன்றும் ஆகாது. மே மாதம் திருச்சியில் கல்யாணம் என்று ஐந்து பேர், பெட்டி படுக்கையோடு, வெயிலில் ஜி.எஸ்.டி. சாலையில் 100-இல் அழுத்தும்போதுதான் அந்த டயர் தன் வயதைச் சொல்லும்.

நம் டயரிலும் அதே நான்கு எண் இருக்கிறது. சில டயரில் அது உள்பக்கம் இருக்கும். செல்போனை நீட்டிப் படம் எடுத்தால் தெரியும். ஆறு வருஷம் தாண்டினால் ஒவ்வொரு வருஷமும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் என்றால் காட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் வயது பார்க்காமல் மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு பட்டனுக்குச் சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். காற்று எவ்வளவு என்பதை டயரைப் பார்த்துப் பிடிக்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், அல்லது பெட்ரோல் மூடியில், கார் கம்பெனி சொன்ன அளவு இருக்கும். கார் டயரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு.

கார் துடைக்கிற தம்பிகள் டயருக்குப் பளபளவென்று பாலிஷ் போடுகிறார்கள். அன்புக்கு நன்றி சொல்லி, எண்ணெய்ப் பசை உள்ளதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் முதலில் சொன்ன பாதுகாப்பு மெழுகை அது கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ஆறு மாதம் ஊரில் இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நம் காம்பவுண்டைச் சுற்றியாவது ஓட்டச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் நல்லது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று சி பிளாக் மேடம் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒரு முறை அளந்து சாதாரணக் காற்று பிடிப்பவரின் டயர், நைட்ரஜன் அடித்துவிட்டு வருஷம் முழுக்க மறந்துவிடுபவரின் டயரைவிட நன்றாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை காற்று அளக்கிற கேஜும், பட்டன் ஆழம் பார்க்கிற கேஜும், ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு நானே ஒவ்வொரு பார்க்கிங்காக வருகிறேன். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வரக் கூடாது; ஓட்டினால் டயர் சூடாகி அளவு கூடக் காட்டும். கவரை மட்டும் கழற்றி வையுங்கள். ஊரில் இல்லாதவர்கள் பிளாக்கையும் பார்க்கிங் நம்பரையும் செயலாளருக்கு அனுப்பினால், டயர் தேதியைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். ஏ பிளாக் நண்பரே, உங்கள் காரிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.